நாலு ராத்திரி, இரண்டு ஊர்

எங்கள் ஆரணியில் தறி நின்றால் கூலி இல்லை. அதனால் கோடை விடுமுறைக்கு எங்களுக்குக் கிடைத்தது நாலே ராத்திரி. "நாலும் ஊட்டியிலேயே இருந்துடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். மாமியாருக்கு எழுபது வயது. சின்னவளுக்கோ பஸ்ஸில் மலை ஏறினாலே குமட்டல். அதனால் ஊர்களைப் பிரித்துக்கொண்டோம்.

முதல் இரண்டு இரவு, சுமார் 1,850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில். 1874-இல் அமைந்த சிம்ஸ் பூங்காவில் மெதுவாக நடந்தோம், குளிர் பழகிவிட்டது. பிறகு மலை ரயிலில், 2,240 மீட்டரிலுள்ள ஊட்டிக்கு. சின்னவளுக்கு ஒரு தொந்தரவுமில்லை.

சகோதரிகளே, ஊர் மாறினால் அரை நாள் மூட்டை கட்டுவதிலேயே போய்விடும். ஆகவே ஓர் ஊருக்கு இரண்டு இரவாவது ஒதுக்குங்கள். ஊருக்கொரு பையாகத் துணிகளைப் பிரித்து வையுங்கள். தாழ்ந்த ஊர் முதலில், உயர்ந்தது பிறகு.

"இப்படின்னா அடுத்த வருஷமும் வரேன்" என்கிறார் மாமியார்!