ஆடிய விளக்கு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பினாங்குத் தீவில், அடுக்குமாடி வீடொன்றின் பன்னிரண்டாம் மாடியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பசியாறிக்கொண்டிருந்தார். மணி ஏறத்தாழ ஒன்பது. கூடத்தில் தொங்கிய விளக்கு மெல்ல அசைந்தது. காற்றில்லை, மின்விசிறியும் சுழலவில்லை. கோப்பையிலிருந்த தேநீர் ஒருபுறம் சாய்ந்தது. பின் மறுபுறம் சாய்ந்தது. "தலை சுத்துதுங்க" என்று மனைவி சொன்னபோதுதான், சுற்றியது தலையன்று, கட்டடம் என்பது அவருக்கு விளங்கிற்று. கீழே இருந்த கடைக்காரரோ எதையும் உணர்ந்திருக்கவில்லை. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கியது. ஆசிரியர் எஞ்சிய தேநீரைக் குடித்து முடித்தார்.

பிற்பகல் ஒரு மணி கடந்த வேளையில் பத்து பெரிங்கியிலும் பாலிக் புலாவிலும் கடல் கரையேறியது. மலேசியாவில் மாண்டோர் 68 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கில் மாண்டவர்கள். விடுமுறை நாளில் கடற்கரையில் உண்டு களித்திருந்த குடும்பங்கள் அவை.

சனவரியில் பள்ளி திறந்தது. அறிவியல் பாட வேளையில் ஒரு மாணவன் எழுந்தான். அவனுடைய மாமன் குடும்பம் அன்று கடற்கரைக்குச் சென்றிருந்தது. சென்றவர் அனைவரும் திரும்பவில்லை.

"ஐயா, தரை காலையிலேயே ஆடிடுச்சே. கடல் ஏன் மத்தியானம் வந்துச்சு?"

நிலநடுக்கத்தை ஆண்டுதோறும் கற்பித்து வந்தவர் அவர். புவியின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்திருப்பதும், சுமத்திராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலைத் தாங்கும் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில் கீழே புதைந்து செல்வதும் அவருக்கு மனப்பாடம். இரு தட்டுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வளைகின்றன. தாங்கவியலா நிலையில் பிடி விட்டுப்போகிறது. அன்று காலை 8.58க்கு விட்டுப்போன பிடி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுடையது. ஓர் இடத்தில் தொடங்கிய முறிவு வடக்கு நோக்கி ஓடி முடிவதற்கே எட்டுப் பத்து நிமிடங்கள் ஆயின. இத்தனையும் அறிந்தவர்தாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் வகுப்பில் பத்து மாணவர்களை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவரும் முன்னிற்பவரின் தோளைப் பற்றிக்கொண்டனர். கடைசி மாணவனை முன்னால் தள்ளியதும் அத்தள்ளல் வரிசை நெடுகக் கடந்து முதல்வனைச் சேர்ந்தது. அதுவே முதலலை. அடுத்து அவனைப் பக்கவாட்டில் அசைத்தார். வரிசை பாம்பென நெளிந்தது. ஆனால் அந்நெளிவு சற்றுத் தாமதித்தே முன்சென்றது. அது இரண்டாமலை. பின்னர்த் தோள்களை விடச் சொன்னார். நெருங்கி நின்றதால் தள்ளல் அப்போதும் சென்றது. பக்க அசைவோ இரண்டாம் மாணவனைக்கூட எட்டவில்லை. ஒன்றையொன்று பற்றாத நீர்மத்தினுள் இரண்டாமலை செல்லாமைக்குக் காரணம் இதுவே. 1897ஆம் ஆண்டு அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டம் என்னும் நிலவியலாளர் இவ்வலைகளை வேறுபடுத்திக் கண்டார்; 1906இல் அவற்றின் போக்கைக் கொண்டே புவிக்குள் ஒரு கருவம் உண்டெனக் காட்டினார். எவரும் இறங்கிக் காணவியலாத ஆழத்தை அலைகளின் வருகை நேரத்தால் அளந்தது வியத்தற்குரிய செயல்தான். எனினும் மாணவன் கேட்டது அதுவன்று.

முதலலை பாறையில் வினாடிக்கு ஆறு முதல் எட்டுக் கிலோமீட்டர் செல்லும். முறிவு தொடங்கிய இடத்திலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலுள்ள பினாங்கை அது ஒன்றரை நிமிடத்துக்குள் எட்டிவிடும். இரண்டாமலை மேலும் ஒரு நிமிடம் பிந்தும். அதன்பின் தரைமட்டத்தை ஒட்டியே பரவும் மேற்பரப்பலைகள் வரும். விரைந்து அதிரும் அலைகள் வழியிலேயே நலிந்துவிட, நிதானமாக ஆடும் அலைகள் நெடுந்தொலைவு செல்கின்றன. உயர்ந்த கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் நிதானமானதே. பன்னிரண்டாம் மாடி ஊஞ்சலானதும் கடைக்காரர் ஒன்றும் உணராததும் இதனாலேயே.

கடலின் கணக்கு வேறு. கடற்படுகை திடுமென உயர்ந்தபோது அதன்மேலிருந்த நீர் முழுவதும் உயர்ந்தது. அந்நீர் சமநிலை தேடிப் புறப்பட்டதே ஆழிப்பேரலை. அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆழ்கடலைக் கடந்து தமிழகக் கரையை ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அடைந்த பேரலை, மிக அருகிலிருந்த பினாங்குக்கு வரச் சுமத்திராவின் வடமுனையைச் சுற்றி, ஆழமற்ற மலாக்கா நீரிணைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்திலேயே நடுக்கத்தை அறிந்து அறிக்கை விடுத்தது. ஆயினும் அதன் முதற்கணிப்பு 8.0; உண்மை அளவோ 9.1. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். வெளிப்பட்ட ஆற்றலோ நாற்பது மடங்குக்கும் மேல். சரியாகவே கணித்திருந்தாலும், இந்தியப் பெருங்கடல் நாடுகளின் கரைகளுக்குச் செய்தியைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு அன்று இல்லை. அத்தகைய அமைப்பு 2011இல்தான் முழுமையாக இயங்கத் தொடங்கியது.

ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு நேரங்களை எழுதினார். மாணவன் கழித்துப் பார்த்தான்.

"நாலு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கே, ஐயா."

"இருந்தது" என்றார் ஆசிரியர். தம் வீட்டு விளக்கு ஆடியதையும், தாம் தேநீர் குடித்ததையும் வகுப்பில் மறைக்காமல் சொன்னார்.

அதே ஆண்டு மார்ச் 29, நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள். நியாஸ் தீவருகே 8.6 அளவில் மீண்டும் நிலம் நடுங்கியது. கூடத்து விளக்கு ஆடியது. ஆசிரியர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னர்க் கடலோரத்தில் குடியிருந்த மாணவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்தார். தூக்கம் கலைந்த சிலர் சினந்தும் பேசினர். அன்று பினாங்கில் கடல் கரையேறவில்லை. விடியற்காலை நான்கரை மணிவரை அவர் உறங்கவும் இல்லை.