ஸ்கைலாப் விழுந்த ஆண்டு

1979 ஜூலையில் ஸ்கைலாப் எங்கள் ஊரில்தான் விழும் என்று எல்லோரும் நம்பினார்கள். பள்ளிப் பிள்ளைகளான நாங்கள் இரவுகளில் மொட்டைமாடியில் படுத்து வானத்தைக் காவல் காத்தோம். "இத்தனை வருஷம் சுத்திக்கிட்டுக் கெடந்தது, இப்ப ஏன் விழுது? மேல காத்துகூட இல்லேன்னீங்களே?" என்றாள் பாட்டி. புவியீர்ப்பு என்று ஒரே குரலில் சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்புக்குரியவர்கள் நாங்கள்தாம் என்பது வெகுகாலம் கழித்தே விளங்கியது. ஈர்ப்பு மட்டுமே இருந்திருந்தால் அது சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். சுமார் 430 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று அறவே இல்லாமற் போவதில்லை. ஆனால் அங்கே அது கலத்தைத் தழுவி வழிந்தோடுவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திப்பதே அரிது. நொடிக்கு 7.6 கிலோமீட்டர் விரையும் கலம் அவற்றைத் தனித்தனியே மோதிச் செல்கிறது. ஒவ்வொரு மோதலும் அற்பம். ஆறாண்டு மோதல்களின் கூட்டுத்தொகை அற்பமன்று. போதாததற்கு, கதிரவன் எதிர்பார்த்ததைவிடச் சீறியதால் மேல்வளிமண்டலம் சூடேறி விரிந்தது. 77 டன் கலம் கணித்த காலத்துக்கு முன்பே தாழ்ந்து, ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது.

மறுநாள் ஊரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். பாட்டியின் கேள்வியை எல்லோரும் மறந்துபோனோம். விடை எங்களுக்குத் தெரிந்தபோது, கேட்டவள் இல்லை.