நீலியும் அமலாதித்யனும்



'அமலாதித்யன்' பற்றி எழுதச் சொல்லி ஒரு பழைய மாணவி கேட்டிருந்தார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைப் பம்மல் சம்பந்த முதலியார் தமிழாக்கி, 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் மேடையில் தாமே நாயகனாக நடித்த நாடகம்.

கதை தெரியும்தானே? செத்துப்போன அரசன் ஆவியாக வருகிறான். பாம்பு கடித்துச் சாகவில்லை, தூங்கும்போது உன் சித்தப்பன்தான் காதில் நஞ்சு ஊற்றினான், பழிவாங்கு என்கிறான். முதலியார் வக்கீல், பின்னாளில் நீதிபதி. பேயின் சாட்சி எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது என்று அவருக்குத் தெரியாதா! ஹாம்லெட்டுக்கும் தெரியும். அதனால்தான் அதே கொலையை நாடகமாகப் போடச் சொல்லி, சித்தப்பன் முகத்தைப் பார்க்கிறான். அவனைத் தயங்குகிறவன் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. படிப்பை விட்டுவிட்டு அப்பன் சாவுக்கு வந்த பிள்ளை அவன். அந்த அப்பனோ தன் சாவைப் பற்றியே பேசுகிறான். "நீ எப்படிடா இருக்கே" என்று ஒரு வார்த்தை இல்லை.

நம் பக்கத்துப் பேய் பழையனூர் நீலி. 1856இல் நம்ம ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடிய தடத்தில்தான் திருவாலங்காடு. அதை ஒட்டிய ஊர். தன்னைக் கொன்ற கணவன் மறுபிறவியில் வணிகனாக வர, நீலி கள்ளிக்கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் எழுபது பேர் முன்னால் அழுதாள். குழந்தை அவனை "அப்பா" என்றது. அவன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி அவளோடு அனுப்பினார்கள். விடிந்தால் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நீலிக் கண்ணீர் என்கிறோமே, அது இதுதான்.

என் வகுப்பில் ஒரு பையன். பன்னிரண்டாவது படிக்கும்போது, ஹார்பர் லோடு தகராறில் அப்பாவை வெட்டிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பெரியவர்கள் அவன் தோளைத் தட்டி, "ஆம்பளப் புள்ள இருக்கான், பாத்துக்குவான்" என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா எழுந்து வந்து, "எம்புள்ளைக்கு மார்ச்சுல பரீட்சை இருக்கு" என்றார். அவ்வளவுதான். யாரும் பேசவில்லை. மறுவாரமே தூத்துக்குடிக்குத் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பரீட்சைக்குத்தான் திரும்பி வந்தான்.

இன்று எண்ணூரில் கிரேன் ஓட்டுகிறான். போன மாதம் தேரடியில் பார்த்தபோது நீலி கதையை நினைவுபடுத்தி, ஒன்று கேட்டான்.

"அந்தக் கள்ளிக் குழந்தை அப்புறம் என்னாச்சு சார்?"

கதையில் அது வரவே இல்லையேப்பா என்றேன்.