மண்கெண்டியும் மனிதரும்

தேயிலை என்றும் தேநீர் என்றும் நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களின் தொடக்கத்திலுள்ள 'தே' என்னும் ஓரெழுத்து நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தது. சீனத்தின் தென்கரையிலுள்ள ஃபூஜியன் மாநிலத்து மக்கள் பேசும் மின்னான் மொழிக்கு உரியது அது. கப்பலேறிய வணிகரின் வாய்வழியே கடலோர நாடுகளெங்கும் பரவிற்று. தரைவழியே சென்ற 'சா' என்னும் மற்றொரு சொல்லோ பாரசீகத்தைக் கடந்து அரபு நாட்டில் 'ஷாய்' ஆயிற்று. ஃபூஜியனிலிருந்து குடியேறியோரின் வழிவந்த தைவான் தீவு மக்கள் இன்றும் தம் வீட்டு மொழியில் தேநீரைத் 'தே' என்றே சொல்லுகின்றனர். வணிகத்தின் பொருட்டு அத்தீவிற்குச் சென்றபோது எனக்கு முதன்முதலாக விளங்கிய சொல் அதுதான். அச்சொல்லைப் பற்றிக்கொண்டே அவர்களுடைய மண்கெண்டிகளிடம் போய்ச் சேர்ந்தேன்.

கெண்டி என்றதும், உளூச் செய்வதற்கென நம் வீடுகளில் வைத்திருந்த பெரிய மூக்குச் செம்பை நினைத்துவிடலாகாது. தைவானியரின் தேநீர்க் கெண்டி ஒரு கைக்குள் அடங்கிவிடும். 100 முதல் 200 மில்லி லிட்டர் வரை நீர் கொண்டாலே அதிகம். சிறு உருண்டைகளாகச் சுருட்டப்பட்ட ஊலாங் தேயிலையை அடி மறையுமளவு இட்டுக் கொதிநீர் வார்த்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வடித்துவிடுவர். பின்னர் மீண்டும் வார்ப்பர். ஐந்தாறு முறை வார்த்த பின்னும் இலை மணம் தரும். அதற்குள் அது விரிந்து கெண்டியை நிறைத்துவிடும். பெரிய பாத்திரத்தில் ஒரே முறையாகக் காய்ச்சிக் குடிக்கும் நமக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆயினும், ஒவ்வொரு முறையும் மாறிவரும் சுவைக்காகக் காத்திருக்கும் பொழுதில் நான்கு பேர் அமர்ந்து ஆறுதலாக உரையாட முடிகிறது. அவ்வுரையாடலுக்காகவே இத்தனை சிறிய பாண்டத்தை வைத்துக்கொண்டார்களோ என்று நான் எண்ணியதுண்டு.

தைபே நகருக்குத் தென்மேற்கே யிங்கே என்றோர் ஊர் உள்ளது. இருநூறு ஆண்டுகளாக மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்ற அவ்வூரில், நிலக்கரிச் சூளைகளின் பழைய புகைபோக்கிகள் சில இன்றும் நிற்கின்றன. 2000ஆம் ஆண்டில் மண்கலைக்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே திறக்கப்பட்டது. நாந்தோவ் மாவட்டத்து ஷுயிலியிலோ 1927இல் அமைந்த 'பாம்புச் சூளை' உள்ளது. சரிவில் நீண்டு கிடப்பதால் அதற்கு அப்பெயர். மியாவ்லி மாவட்டத்தில் விறகுச் சூளையை இன்னும் விடாமல் போற்றுவோர் இருக்கின்றனர். அச்சூளையில் நாட்கணக்கில் இரவும் பகலும் விறகிட வேண்டும். வெப்பம் 1,200 பாகைக்கு மேல் ஏறும்போது, பறக்கும் சாம்பல் பாண்டத்தின்மேல் படிந்து உருகித் தானே மெருகாகிவிடும். எந்தப் பக்கம் நெருப்பைப் பார்த்து நின்றது என்பதைப் பாண்டத்தின் நிறமே சொல்லும். அதனால் ஒன்றைப் போல் மற்றொன்று அமைவதில்லை.

1980களில் தீவில் செல்வம் பெருகியது. அதுவரை பெரும்பாலும் ஏற்றுமதிக்கென விளைந்த தேயிலையைத் தைவானியர் தாமே சுவைக்கத் தலைப்பட்டனர். தேநீர் இல்லங்கள் பல தோன்றின. அவற்றுள் புகழ்பெற்ற விஸ்டேரியா இல்லம் 1981இல் தைபேயின் ஷின்ஷெங் தெற்குச் சாலையில் தொடங்கியது. 1960இல் திறக்கப்பட்ட தைபே பெரிய பள்ளிவாசலும் அதே சாலையில்தான் உள்ளது. ஜும்ஆ முடிந்தபின் அச்சாலையிலேயே நடந்து சென்று தேநீர் அருந்துவது அங்கே எனக்கு வழக்கமாயிற்று.

அக்காலத்தில் சீனப் பெருநிலத்து யீஷிங் ஊரின் செம்மண் கெண்டிகளுக்கே பெருமதிப்பு. நேர் வணிகம் இல்லாதிருந்தமையால் அவை ஹாங்காங் வழியாக வந்தன. 1987 நவம்பரில், பெருநிலத்து உறவினரைக் காணச் செல்லத் தைவானியருக்கு அனுமதி கிட்டியபின் அவற்றின் வரவு மேலும் மிகுந்தது. பெயர்பெற்ற கைவினைஞரின் முத்திரை அடியில் இருந்தால் விலை விண்ணைத் தொட்டது. விலை ஏறவே போலியும் பெருகியது. புதிய கெண்டிக்கு மெழுகு தேய்த்துப் பழையதென விற்றாரும் உண்டு. இப்பரபரப்புக்கு இடையே தைவானியக் குயவர்கள் தம் மண்ணை எடுத்துத் தம் சக்கரத்தில் வனைந்து வந்தனர். யீஷிங்கில் மண்ணைத் தட்டித் தகடாக்கி இணைப்பர். இவர்களுள் பலர் சக்கரத்தில் எழுப்புவர். விரல் ஏறிச் சென்ற வரிகளைக் கெண்டியின் உட்புறத்தில் தடவிப் பார்த்தே உணரலாம். என்னிடம் இப்போதுள்ள 14 கெண்டிகளும் இத்தகையோர் செய்தவையே.

நல்ல கெண்டியை அறிய எளிய சோதனைகள் சில உள்ளன. மூக்கின் நுனி, வாயின் விளிம்பு, பிடியின் மேற்புறம் ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பர். பின்னர் நீர் நிரப்பிச் சாய்ப்பர். நீர் சிதறாமல் வளைந்து விழவேண்டும். நிமிர்த்தியதும் ஒரு துளிகூட மூக்கின் கீழே வழியலாகாது. நீர் விழும்போதே மூடியிலுள்ள சிறு துளையை விரலால் அடைத்தால் ஓட்டம் நின்றுவிட வேண்டும். அவ்வாறு நின்றால் மூடி உடலோடு நன்கு பொருந்தியிருக்கிறது எனலாம். ஒவ்வொரு மூடியும் அதற்குரிய உடலுக்கென்றே செய்யப்படுவது. வேறொன்று பொருந்தாது.

கடைக்காரர் ஒருவர் ஒருமுறை வெள்ளிக் கெண்டியொன்றைக் காட்டி, அதில் கொதித்த நீர் தேநீரை இனிதாக்கும் என்றார். பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்று நான் விளக்கினேன். அவர் வியப்புடன் கேட்டுவிட்டு, புன்முறுவலோடு ஒரு மண்கெண்டியை என்முன் வைத்தார். மண்ணே நமக்குப் போதும் என்னும் நிறைவு அன்று ஏற்பட்டது.

தேநீர்த் தட்டில் கெண்டிக்கு அருகே மற்றொரு கலம் இருக்கும். கெண்டியிலிருந்து நேரே கிண்ணங்களுக்கு ஊற்றினால் முதற்கிண்ணம் வெளிறியும் கடைசிக் கிண்ணம் கடுத்தும் போகும். ஆகவே முழுவதையும் இக்கலத்தில் வடித்துப் பின்னரே பகிர்வர். செல்வரும் எளியவரும், முன்னே அமர்ந்தவரும் பின்னே அமர்ந்தவரும் ஒரே சுவையையே பெறுவர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நீதிக் கிண்ணம்' என்று பொருள்படும். நம் கடற்கரை ஊர்களின் விருந்துகளில் ஒரு சகனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பது என் நினைவிற்கு வந்தது.

மெருகிடாத மண்கெண்டியைப் பற்றி அவர்கள் வழங்கும் சொல் இன்னும் அழகியது. கெண்டியை 'வளர்த்தல்' என்பர், பிள்ளையை வளர்ப்பது போல. ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என வைத்துக்கொண்டு, நாள்தோறும் வார்த்து, துடைத்து, கையாண்டு வந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் மேனியில் அடங்கிய ஒளி ஏறும். கண்ணாடிப் பேழைக்குள் வைத்த கெண்டிக்கு அந்த வளர்ச்சி இல்லை. பொருளைத் திரட்டி எண்ணிக்கொண்டிருப்பதைத் திருமறை கண்டிக்கிறது. சேர்ப்பதில் இன்பம் காணும் என் போன்றோர்க்கு அக்கண்டனம் காதில் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆதலின் எனக்கு நானே ஒரு விதி வகுத்தேன். ஓராண்டுக்குள் ஒருமுறையேனும் விருந்தினர்க்குத் தேநீர் வார்க்காத கெண்டி என்னிடம் தங்கக் கூடாது. அதனைப் பயன்படுத்துவார்க்குக் கொடுத்துவிட வேண்டும். இதுவரை ஐந்து கெண்டிகள் அவ்வாறு வீடு மாறியுள்ளன.

பயன்படுத்தினால் உடையும். என் அண்டை வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கை சற்று நடுங்கும். ஒரு மாலை, நான் மிகவும் விரும்பிய விறகுச் சூளைக் கெண்டியின் மூடியை எடுத்துப் பார்க்கையில் அது நழுவித் தரையில் விழுந்து மூன்று துண்டாயிற்று. அவர் முகம் வெளுத்தது.

"பாய், இதன் விலை என்ன? மறைக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

நபிகளாரின் இல்லத்தில் ஒருமுறை உணவுத் தட்டு உடைக்கப்பட்டபோது, உடைத்தவரைக் கடிந்துகொள்ளாமல், சிதறிய உணவைப் பெருமானாரே திரட்டியதும், உடைந்ததற்கு ஈடாக முழுத் தட்டொன்றை உரியவருக்கு அனுப்பியதும் ஹதீஸில் உள்ளன. அச்செய்தியைப் பன்முறை படித்திருக்கிறேன். விலையுயர்ந்த பொருளொன்று என் கண்முன் உடைந்து கிடந்தபோதுதான் அதன் அருமை முழுவதும் விளங்கியது.

"மூடிதானே ஐயா போயிற்று! தேநீர் இருக்கிறது, ஆறுவதற்குள் அருந்துங்கள்" என்றேன். விலையை இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பின் சில வாரங்கள் அவர் வரவில்லை. நானே சென்று அழைத்து வந்தேன். வேறு கெண்டியை எடுத்திருந்தால் பழையது பேழைக்குள் போய்விட்டதென்று வருந்தியிருப்பார். ஆகவே அதே கெண்டியை எடுத்து, மூடிக்குப் பதிலாகச் சிறு பீங்கான் தட்டொன்றை வாய்மேல் வைத்து, ஊற்றும் பொறுப்பை அவரிடமே விட்டேன். தயங்கித் தயங்கி இரு கைகளாலும் ஊற்றினார். சில துளிகள் தட்டில் சிந்தின. நீதிக் கிண்ணம் நிறைந்தது.

மனிதப் படைப்பைச் சொல்லுமிடத்து மண்பாண்டத்தை உவமை கூறுகிறது திருமறை. உடையக்கூடியவர்கள் என்பதில் நமக்கும் கெண்டிக்கும் வேற்றுமை இல்லை. இப்போது வெள்ளிதோறும் மாலையில் ஆசிரியர் வருகிறார். மற்றக் கெண்டிகளைவிட அந்த மூடியில்லாக் கெண்டிதான் மிகுதியாக ஒளி பெற்று வருகிறது.