சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை

கெலமங்கலத்தில் பல வீடுகளில் மூன்று மொழிகள் புழங்கும். அந்த வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். அதனால், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் வகுப்பில் பேசாமலே உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் சொன்னபோது அவனுடைய அம்மா கவலைப்படவில்லை. "வீட்டுல தெலுங்குதானே டீச்சர், தமிழ் போகப்போக வந்துடும்" என்றார்.

வீட்டிலும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவான். டி.வி. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைப்பான். "சொன்ன பேச்சே கேக்கறதில்ல" என்று ஒருநாள் முதுகில் ஓர் அடி வைத்தார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுதான் காதில் சந்தேகப்பட்டு அனுப்பியது. ஓசூரில் காது, மூக்கு, தொண்டை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவிப்பறைக்குப் பின்னால பசை மாதிரி நீர் தேங்கியிருக்கு. தண்ணிக்குள்ள முங்கிட்டு கேட்கிற மாதிரிதான் அவனுக்குக் கேட்கும்."

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குச் சிறியது. அது சரியாகத் திறக்காமல் காற்று போகாவிட்டால் நீர் தேங்கிவிடும்.

"உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்" என்றார் அம்மா, அந்த அடியை நினைத்து.

டாக்டர் அவசரப்படவில்லை. பல பிள்ளைகளுக்கு இது தானாகவே வற்றிவிடும்; 3 மாதம் பார்க்கலாம் என்றார். அதுவரை முதல் பெஞ்ச், முகம் பார்த்துப் பேசுவது. வீட்டுக்குள் அப்பாவின் சிகரெட்டுக்குத் தடை.

3 மாதம் கழித்து எடுத்த செவித்திறன் பரிசோதனையிலும் இரண்டு காதிலும் குறைவு அப்படியே இருந்தது. காது கேட்கும் கருவி ஒரு வழி, குரோமெட் என்ற சின்னஞ்சிறு குழல் இன்னொரு வழி. இரண்டையும் விளக்கிக் கேட்டபின் பெற்றோர் குழலைத் தேர்ந்தெடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, செவிப்பறையில் சிறு துளையிட்டு, நீரை உறிஞ்சிவிட்டு அதைப் பொருத்துவார்கள். 1954-ல் அமெரிக்க டாக்டர் ஆம்ஸ்ட்ராங் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. அன்றே வீடு திரும்பினார்கள். வழியில் லாரி ஹாரன் அடித்ததும் பையன் காதைப் பொத்திக்கொண்டான். "ஏம்மா இவ்ளோ சத்தம்?"

சனிக்கிழமை பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். "தலைக்கு மட்டும் போதும் அத்தை, காதுல ஒரு சொட்டுகூட வேண்டாம்" என்று தடுத்தார் மருமகள். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு. கிணற்றில் குதிப்பதற்குத் தடை. ஒருமுறை காதில் சீழ் வந்தபோது பட்ஸ் போட்டுக் குடையாமல், டாக்டர் தந்த சொட்டு மருந்தை மட்டும் விட்டார்.

குழல் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் தானாக விழுந்துவிடும், துளையும் மூடிக்கொள்ளும். சிலருக்குத் துளை மூடாமல் போகலாம், நீர் மறுபடி சேரலாம். அதனால் டாக்டர் சொன்ன தேதியில் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இப்போது வகுப்பில் அவன் ஓயாமல் பேசுகிறான் என்பதுதான் டீச்சரின் புகார்.

பள்ளி வாசலில் மற்ற அம்மாக்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளையை அடிக்கறதுக்கு முன்னாடி, பின்னால நின்னு மெல்லமா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."