கிழ எஞ்சினும் புது மூச்சும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. ஓடினால் போதும் என்பவர்கள் ஒரு வகை. பறக்க வேண்டும் என்பவர்கள் மற்றொரு வகை. ஆக்ஸ்போர்டுக்கு அருகே வசிக்கும் என் நண்பர், வாரத்தில் ஆறு நாள் முதல் வகை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டாவது வகை.

அவரிடம் 1967-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. இருக்கிறது. பக்கத்து ஊரான அபிங்டனில் பிறந்த வண்டி. சென்ற கோடையில் நான் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது, அதன் இரண்டு கார்ப்யுரேட்டர்களும் ஓய்வு கேட்டன. உள்ளே காற்றுக் கதவைத் தாங்கும் தண்டு தேய்ந்து, ஓரமாகக் கள்ளக் காற்று நுழைந்தது. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஒரு கணம் உறுமும். மறு கணம் மயங்கும்.

பழசு எஸ்.யு. வகை. 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம் அது. ஸ்கின்னர் குடும்பத்துக்குப் பாதரட்சை வியாபாரம். ஆரம்பத்தில் தோல் துருத்திதான் வைத்தார்களாம். உலோகப் பிஸ்டன் பிறகு வந்தது. எஞ்சின் கேட்கிற காற்றுக்குத் தக்கபடி பிஸ்டன் உயரும். கூடவே ஒரு கூம்பு ஊசியும் உயர்ந்து பெட்ரோலுக்கு வழிவிடும். பசியறிந்து பரிமாறுகிற கை அது.

நண்பரின் மனமோ இத்தாலியில் தோன்றிய வெபர் மீது. அதில் காற்று வழியின் அகலம் மாறாது. ஆகவே மெதுவாகப் போக ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட், திடீரென்று முடுக்கினால் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு பம்ப். அத்தனையையும் அந்த எஞ்சினுக்கென்று பார்த்துப் பொருத்தவேண்டும். சிலிண்டருக்கு ஒரு தொண்டை வீதம் கொடுத்தால் அதன் மகிமையே தனி; பந்தயத்தில் அது பேர் வாங்கியது நியாயந்தான். ஆனால் இந்த 1798 ஸி.ஸி. எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று நுழையும் வாசல் இரண்டே இரண்டு. எஸ்.யு. இரண்டு வைத்தாலும், வெபரின் இரட்டைத் தொண்டை வைத்தாலும், வாசலுக்கு ஒன்றுதான்! எஞ்சினின் மற்ற பாகங்களை மாற்றாமல் இதை மட்டும் மாற்றி எவ்வளவு பலம் கூடிவிடும்?

நண்பருக்கு இது தெரியாததல்ல. எழுபது வயதில் அவர் விரும்பியது வேகத்தை அல்ல; வாலிபத்தில் பந்தயத் திடலில் கேட்ட அந்தக் கர்ஜனையை. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆசைக்குப் பணம் கொடுப்பது தவறல்ல. சத்தத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பலத்துக்கு என்று எண்ணிக் கொடுத்தால்தான் பிற்பாடு வருத்தம்.

கடைசியில் வழக்கைத் தீர்த்து வைத்தது அவர் மனைவி. மார்கழிக் குளிரில் அந்த வண்டியைக் கடைக்கு எடுத்துப் போகிறவள் அவள்தான். எஸ்.யு.வில் சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கிக் கலவையைக் கெட்டியாக்கும், எஞ்சின் கிளம்பிவிடும்.

"புதிதாகவே வாங்குங்கள். ஆனால் எனக்குப் பழக்கமானதாக இருக்கட்டும்" என்றாள்.

அதே அளவில் புது எஸ்.யு. ஜோடி இன்றும் விற்கிறது. பழைய இடத்திலேயே பொருந்தியும் விட்டது. கர்ஜனை இல்லை. ஆனால் வாசலில் நிற்கும்போது எஞ்சின் இப்போது மயங்குவதில்லை; அவள் கூடையை எடுத்துக்கொண்டு வரும்வரை நிதானமாகக் காத்திருக்கிறது.