பெண் பார்க்கும் முன்பே பார்க்க வேண்டிய ரத்தம்

அரிவாள் செல் ரத்தசோகை இந்தியாவில் 1952இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டமோ 2023 ஜூலையில்தான் வந்தது. எழுபது ஆண்டுத் தாமதம்! பேச்சிப்பாறை மலைகளில் காணி மக்கள் வாழும் குமரி மாவட்டத்துக்கும் இதில் அக்கறை வேண்டும். தாய், தந்தை இருவரும் இந்நோயின் மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு.

"சோதித்தால் கல்யாணம் முடங்கிவிடும்" என்பார்கள். ஊர்வாய் அப்படித்தான், பயம் நியாயமானதே. ஆனால் ஒற்றை மரபணுவைச் சுமப்பவர் நோயாளி அல்லர். துணைவருக்கு ஹீமோகுளோபின் குறைபாட்டு மரபணு எதுவும் இல்லையென்றால் பிள்ளைக்கு இந்நோய் வராது. சோதனை முடிவை அவரவர் கையில் ரகசியமாகத் தருவதே அந்தப் பயத்துக்கு மருந்து. சம்பந்தம் பேசியபின் சோதித்தால் பழி பெண்ணின் தலையில்தான் விழும். ஆகவே கல்லூரி வயதிலேயே, ஆணும் பெண்ணும் சோதித்துக்கொள்ளுங்கள்.